ரூன்ஸ்கேப்பில் முதல் இருபது மணி நேரம்: நாகலூர் தம்பிக்கு ஒரு பதில்

ஏற்காடு பக்கம் நாகலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காலேஜ் லீவில் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆட ஆரம்பித்தேன். பழைய லேப்டாப், மலையில் நெட்டும் சுமார்தான். வாராக் ஊருக்கு நடந்து போகும் வழியில் மூன்று தடவை செத்துவிட்டேன். முதலில் எதை வளர்ப்பது என்று ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொன்று சொல்கிறது. கோழியையும் மாட்டையும் அடித்து அடித்துச் சலித்துவிட்டது. பணம் கட்டினால்தான் நன்றாக இருக்குமா? பத்தாவது படிக்கும் தங்கச்சியும் ஆட வேண்டும் என்கிறாள். ஒரே அக்கவுண்டை வைத்துக்கொள்ளலாமா?"

தம்பி, முதலில் அந்த மூன்று சாவைப் பார்த்துவிடுவோம். அது உங்கள் தப்பில்லை. ஆட்டம் தொடங்கும் ஊரான லம்பிரிட்ஜிலிருந்து நேர் ரோட்டில் வடக்கே போனால், வாராக்கின் தெற்கு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் கல் தூண்கள் வட்டமாக நிற்கும் ஓர் இடம் வரும். அங்கே கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதிகள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். சிலர் 7ஆம் லெவல், சிலர் 20ஆம் லெவல். நீங்கள் 3ஆம் லெவல், உயிர் 10 புள்ளி. தூரத்தில் நின்றே மந்திரம் வீசுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டால் ஓடித் தப்புவதே கஷ்டம். புதிதாக வருகிறவர்கள் செத்துச் செத்துப் பழகிய இடம் அது. நானும் அங்கேதான் முதலில் செத்தேன்.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. தெரிந்துகொண்டால் விளையாட்டு முழுக்க உதவும். தானாக வந்து தாக்கும் ஜந்துக்கள் பெரும்பாலும் உங்கள் சண்டை லெவலைப் பார்த்துத்தான் வரும். அதன் லெவலைப்போல் இரண்டு மடங்கை நீங்கள் தாண்டிவிட்டால், பக்கத்தில் போய் நின்றாலும் கண்டுகொள்ளாது. 7ஆம் லெவல் மந்திரவாதி உங்கள் 15ஆம் லெவலில் விட்டுவிடுவான், 20ஆம் லெவல்காரன் 41இல் விட்டுவிடுவான். அதுவரை அந்த ரோடு வேண்டாம். லம்பிரிட்ஜ் பாலத்தைத் தாண்டி ஆற்றின் கிழக்குக் கரையோடு, மாட்டுப் பட்டியை ஒட்டியே வடக்கே ஏறினால் வாராக்கின் கிழக்கு வாசலில் போய்ச் சேரலாம். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுவதுபோல வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுதான், ஆனால் நிம்மதி. செத்துப்போனாலும் பதற வேண்டாம். கையிலிருப்பதில் விலை அதிகமான மூன்று பொருள் உங்களோடேயே வந்துவிடும். மற்றவை செத்த இடத்தில் ஒரு கல்லறையில் 15 நிமிடம் பத்திரமாக இருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சலிப்பு வந்ததற்குக் காரணம் விளையாட்டு இல்லை. யாரோ ஒருவர் ஆயிரம் மணி நேரம் ஆடி முடித்துவிட்டுப் போட்ட திட்டத்தை நீங்கள் முதல் நாளே பின்பற்றப் பார்க்கிறீர்கள். அவருக்கு ஊர் தெரியும், ஆள் தெரியும், எந்த முக்கில் எது கிடைக்கும் என்று தெரியும். அவருக்கு மிச்சமிருப்பது லெவல் மட்டும். உங்களுக்கு இன்னும் ஊரே தெரியவில்லை. முதல் இருபது மணி நேரம் லெவல் ஏற்ற உட்காராதீர்கள், குவெஸ்ட் செய்யுங்கள். குவெஸ்ட் என்றால் ஊரில் ஆங்காங்கே நிற்கிற ஆட்கள் கொடுக்கும் வேலை. அவர்கள் பேசுவதை முழுக்கப் படியுங்கள். தமிழில் இல்லைதான், ஆனால் எளிய இங்கிலீஷ்தான். தங்கச்சியே படித்துவிடுவாள்.

இருபது மணி நேரம் என்ற கணக்கு நானாகச் சொன்னதில்லை. இலவசமாக ஆடுகிற புது அக்கவுண்டுக்கு ஆரம்பத்தில் வியாபாரக் கட்டுப்பாடு இருக்கிறது. சாதாரண மூலப்பொருட்கள் பலவற்றைச் சந்தையில் விற்க விடமாட்டார்கள். தானாக ஆடும் புரோகிராம்களை ஆயிரக்கணக்கில் இறக்கிவிட்டுச் சரக்கு குவிப்பவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அது விலக மூன்றும் வேண்டும்: 20 மணி நேர ஆட்டம், 10 குவெஸ்ட் புள்ளி, எல்லாத் திறனும் சேர்ந்து மொத்த லெவல் 100. ஆக, முதல் இருபது மணி நேரத்தில் பணம் சேர்க்க ஓடினாலும் பெரிதாக எதுவும் ஓடாது. அந்த நேரத்தை ஊர் சுற்றிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையல்காரரிடம் தொடங்குங்கள். கோட்டைப் பிரபுவுக்குப் பிறந்தநாள் கேக் செய்யணும், சாமான் இல்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். முட்டை, பால், மாவு மூன்றும் கேட்பார். முட்டைக்குக் கோழிப் பண்ணை, பாலுக்கு மாடு, ஒரு வாளியோடு போனால் போதும். மாவுதான் இதில் அழகு. ஊருக்கு வடக்கே காற்றாலை இருக்கிறது, எதிரிலேயே கோதுமை வயல். ஒரு கதிரைப் பறித்துக்கொண்டு உள்ளே போங்கள். ஏணியில் ஏறி, மறுபடி ஏறி, மேல் மாடிக்குப் போனால் தானியம் கொட்டும் வாய் இருக்கும். கொட்டிவிட்டு நிற்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை இழுக்க வேண்டும். அப்போதுதான் தானியம் கீழே இறங்கும். பிறகு கீழே வந்து காலிப் பானையில் மாவைப் பிடிக்க வேண்டும். பலர் கைப்பிடியை மறந்துவிட்டுக் கீழே வந்து மாவு எங்கே என்று தேடுவார்கள். பானை கொண்டுவராமல் திரும்ப நடப்பார்கள். நம் ஊர் மாவு மில்லுக்கு டப்பா எடுக்காமல் போனால் என்ன ஆகுமோ அதேதான்.

இதற்குக் கிடைப்பது 1 குவெஸ்ட் புள்ளியும் சமையலில் 300 எக்ஸ்பியும் (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) மட்டும்தான். ஆனால் இந்த ஒரு வேலையில் ஏணி ஏறுவது, ஒரு பொருளை இன்னொன்றின்மேல் போடுவது, கடையில் வாங்குவது, பை 28 கட்டம்தான் என்று உணர்வது எல்லாம் தானாக வந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுப்பதாக விளையாட்டு எங்கேயும் சொல்லாது.

நான் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறையில் வேலை பழகியவன். புதுப் பையன் வந்தால் முதல் நாளே டிசைன் கொலுசில் கை வைக்க விடமாட்டார்கள். வளையம் கோர்க்கச் சொல்வார்கள், எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். எது எங்கே இருக்கிறது, யார் எந்த வேலை செய்கிறார் என்று அவனுக்கே பழகிவிடும். அந்தச் சமையல்காரர் குவெஸ்ட்டை முடிக்கும்போதெல்லாம் எனக்குப் பட்டறையின் முதல் வாரம் ஞாபகம் வரும். இதுவரை நான்கு பேருக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நான்கு பேரையும் அந்த ஆலையில்தான் தொடங்க வைத்தேன்.

அடுத்து, அதே ஊர் சர்ச்சில் இருக்கும் பாதிரியாரிடம் போங்கள். கல்லறையில் ஒரு பேய் தூங்காமல் அலைகிறது என்பார். சதுப்பு நிலத்தில் குடியிருக்கும் இன்னொரு பாதிரியார் பேயோடு பேச ஒரு தாயத்து கொடுப்பார். காணாமல் போன மண்டை ஓடு தெற்கே மந்திரவாதிகள் கோபுரத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அதை எடுத்ததும் ஒரு எலும்புக்கூடு எழுந்து வரும். சண்டை போடாமல் ஓடி வந்துவிடலாம். இதற்குப் பரிசு பிரார்த்தனைத் திறனில் 1,125 எக்ஸ்பி. வழக்கமாக இந்தத் திறனை எலும்பு புதைத்து வளர்ப்பார்கள். சாதாரண எலும்பு ஒன்றுக்கு 4.5. அப்படியானால் 250 கோழியை அடித்து 250 எலும்பு புதைக்கும் வேலையை ஒரு பேய் அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறது.

இதைவிடப் பெரிய கணக்கும் உண்டு. ஃபாலடோர் கோட்டையில் ஒரு வீரனின் உதவியாள் எசமானரின் வாளைத் தொலைத்துவிட்டுத் தவிப்பான். அதே மாதிரி வாள் ஒன்றை அடிக்க வைத்துக் கொடுத்தால் கொல்லன் வேலைத் திறனில் 12,725 எக்ஸ்பி, ஒரே மூச்சில் லெவல் 1இலிருந்து 29. வெண்கலக் கட்டியை அடித்தால் ஒன்றுக்கு 12.5தான். ஆயிரத்துக்கு மேல் கட்டி அடித்திருக்க வேண்டும். சுரங்கத் திறன் மட்டும் 10 இருந்தால் போதும். வாள் அடிக்கத் தெரிந்த குள்ளருக்குச் சிவப்புப் பெர்ரிப் பழம் வைத்த பை (pie) பலகாரம் என்றால் உயிர். அதைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். தாது எடுக்கும் பனிக்குகையில் பனி அரக்கர்கள் இருக்கிறார்கள். அங்கே சண்டை எல்லாம் வேண்டாம். சாப்பாடு நிறைய எடுத்துக்கொண்டு ஓடிப்போய், தாதுவை வெட்டி எடுத்துக்கொண்டு, ஓடி வந்துவிடுங்கள். தாதுவை இரண்டாக எடுத்து வைத்துக்கொண்டால் ஒன்று போனாலும் திரும்ப அந்தக் குகைக்குள் போக வேண்டியிருக்காது.

பத்துப் புள்ளிக் கணக்கு எப்படி வரும் என்றால், சமையல்காரர் 1, பேய் 1. கோப்ளின் டிப்ளமசி என்ற குவெஸ்ட் 5 தரும். கோப்ளின் ஊரில் இரண்டு தளபதிகள் கவசத்துக்கு எந்தக் கலர் என்று அடித்துக்கொள்கிறார்கள். டிரேனர் ஊரில் ஆகி என்ற சாயக்காரப் பாட்டி இருக்கிறாள். சிவப்பும் மஞ்சளும் கலந்தால் ஆரஞ்சு, நீலத்துக்கு ஒரு இலை. ஒவ்வொரு கலராகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முடிவை நான் சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள். சண்டையே இல்லாத குவெஸ்ட், தங்கச்சிக்குப் பிடிக்கும். மிச்சம் 3 புள்ளிக்கு டிரேனர் மாளிகையில் இருக்கும் ரத்தக்காட்டேரி. 34ஆம் லெவல். பூண்டு பையில் இருந்தால் அவன் பலம் குறையும். மரக்குச்சியும் சுத்தியலும் இல்லாமல் போனால் கடைசிவரை சாகமாட்டான். உங்கள் சண்டை லெவல் 20க்குப் பக்கம் வந்த பிறகு போங்கள். அட்டாக்கில் 4,825 எக்ஸ்பி கிடைக்கும். புதிதாக வந்தவரின் அட்டாக் அதிலேயே 20ஐத் தொட்டுவிடும், மித்ரில் வாள் தூக்கலாம்.

சண்டை லெவல் 20 எப்படி வரும் என்று கேட்பீர்கள். சரி, மாடு அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அதிலும் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. சண்டைப் பலகையில் எந்தப் பாணியைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்தத் திறன்தான் வளரும். முதலில் இருப்பது அட்டாக், அடுத்தது ஸ்ட்ரெங்த், தற்காப்புப் பாணி டிஃபென்ஸ். ஒன்றையே அழுத்தி வைத்துவிட்டு மூன்று நாள் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடி விழும், ஆனால் ஒரு புள்ளி இரண்டு புள்ளிக்கு மேல் விழாது. அட்டாக் அடி படுமா என்பதற்கு, ஸ்ட்ரெங்த் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு, டிஃபென்ஸ் உங்கள்மேல் அடி படாமல் இருக்க. மூன்றையும் ஐந்து ஐந்து லெவலாக மாற்றி மாற்றி ஏற்றுங்கள். ஆயுதம் 5இல் எஃகு, 10இல் கறுப்பு, 20இல் மித்ரில், 30இல் அடமன்ட், 40இல் ரூன் என்று மாறும். அம்பு மந்திரவாதியை வெல்லும், மந்திரம் கவசக்காரனை வெல்லும், கவசக்காரன் அம்புக்காரனை வெல்வான். அந்தக் கறுப்பு அங்கிக்காரர்களிடம் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு போனாலும் செத்தீர்கள் என்றால் காரணம் இதுதான்.

சாப்பாடு இல்லாமல் எங்கேயும் போகாதீர்கள். ஆரம்பத்தில் கிடைக்கும் இறால் 3 புள்ளிதான் ஏற்றும். மீன்பிடியில் 20 வந்ததும் பார்பேரியன் ஊருக்குப் போய்த் தூண்டிலும் கோழி இறகும் வைத்து டிரவுட் பிடியுங்கள். அது 7 ஏற்றும், சமையலில் 15 இருந்தால் சமைத்துவிடலாம். கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கும் நேரம் எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்தது. ஒரு தடவை தட்டிவிட்டால் கொஞ்ச நேரம் கை வைக்க வேண்டாம். ராத்திரி பட்டறைக் கணக்கு எழுதிக்கொண்டே, பக்கத்தில் தட்டுவடை செட்டை வைத்துக்கொண்டு பிடித்த மீன்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

அதே பார்பேரியன் ஊரில் தரையில் ஒரு பள்ளம் இருக்கிறது. உள்ளே நான்கு அடுக்கு நிலவறை. கதவுக்குக் கதவு அக்கவுண்ட் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்கும். பாஸ்வேர்டை யாராவது கேட்டால் என்ன செய்வாய், இப்படி. மூன்று அடுக்கிலும் சேர்த்துப் பத்தாயிரம் காசு, நான்காவதில் ஒரு ஜோடி பூட்ஸ். புதிதாக வந்தவருக்கு அது பெரிய பணம். உள்ளே இருக்கும் ஜந்துக்களை எல்லாம் அடிக்க வேண்டாம், சாப்பாட்டோடு ஓடிக் கடக்கலாம். ஆனால் பதில்களைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டாமல் படித்துத் தட்டுங்கள். வெளியே வந்ததும் விளையாட்டில் இருக்கும் உங்கள் வங்கிக்கு நான்கு இலக்க பின் நம்பர் போடுங்கள், அக்கவுண்டுக்கு ஓடிபி ஆப்பைச் சேருங்கள். இந்த இரண்டையும் செய்யும்வரை வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2016இல் எனக்கு ஒன்று நடந்தது. எல்வார்க் என்ற டிராகனைக் கொன்று முடித்திருந்தேன். இலவசமாக ஆடுகிறவருக்கு அதுதான் பெரிய குவெஸ்ட். 32 குவெஸ்ட் புள்ளி வேண்டும், டிராகனோ 83ஆம் லெவல். அதை முடித்தால்தான் ரூன் மார்க்கவசம் போட அனுமதி. இரண்டு வாரம் சேர்த்த காசில் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தேன். அங்கே ஓரங்களில் தங்க வேலைப்பாடு வைத்த கவசத்தோடு ஒருவன் நின்றுகொண்டு, "உன் கவசத்துக்கும் இதேபோல் இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன்" என்றான். கழற்றிக் கொடுத்தேன். அடுத்த விநாடி ஆள் இல்லை. அந்த விளையாட்டில் யாராலும் கவசத்துக்குக் கரை போட முடியாது. கரை வைத்த கவசம் புதையல் குறிப்புகளில் பரிசாக வருவது மட்டும்தான்.

நம் ஊரில் பகல் நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்து "நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்பார்களே, அது போலவேதான் இதுவும். திராவகத்தில் முக்கி எடுத்துப் பாதித் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் தெருப் பெண்களிடம் அப்பா இதைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அதைக் கேட்டு வளர்ந்தும், திரையில் வந்தபோது எனக்கு அது அதேதான் என்று உறைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது. காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவன், "என் பின்னால் வா, கொஞ்சம் வடக்கே பொருள் போட்டு வைத்திருக்கிறேன்" என்பவன், பாதிப் பேச்சில் வேறு ஆப்புக்கு வரச் சொல்பவன், யாராக இருந்தாலும் வேண்டாம். நான் சொன்னேன் என்று என் பெயரைச் சொல்லி வந்தாலும் வேண்டாம். நான் யாருக்கும் பொருள் கொடுப்பதில்லை. இன்னொன்று, ஜிபே போட்டால் விளையாட்டுக் காசு தருகிறோம் என்று மெசேஜ் வரும். அது விதிக்கு விரோதம், அக்கவுண்டே போகும். பல நேரம் பணமும் போகும்.

வடக்கே என்று சொன்னேன் இல்லையா. வரைபடத்தில் வடக்கே ஒரு நீளமான பள்ளம் ஓடும். அதைத் தாண்டினால் வைல்டர்னஸ். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். கொன்றால் அந்த மூன்று பொருள் போக மிச்சம் எல்லாம் அவர்களுக்கு. நீங்களே முதலில் ஒருவரை அடித்துத் தலைமேல் மண்டை ஓட்டுக் குறி விழுந்தால் அந்த மூன்றும் போகும். பார்க்க ஆசையாக இருந்தால் வெறுங்கையோடு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சந்தை வாராக்கின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்பார்கள். நம் லீ பஜாரில் தரகர் நடுவில் நின்று பேரம் பேசுவார். இங்கே வாங்குபவரும் விற்பவரும் முகம் பார்ப்பதில்லை. உங்கள் விலையை எழுதி வைத்துவிட்டுப் போய்விடலாம், பொருந்தும்போது தானாக முடியும். இலவசக்காரருக்கு மூன்று இடம்தான். யார் விலை முன்னால் நிற்கிறதோ அந்த விலைக்கே முடியும் என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஒருவர் 90க்கு விற்கப் போட்டிருக்கும்போது நீங்கள் 100 என்று கேட்டால் 90க்கே கிடைக்கும், 10 திரும்பி வரும். ஆகவே அவசரத்துக்கு வாங்கும்போது கொஞ்சம் கூட்டிப் போடலாம், நஷ்டமில்லை. விற்கும்போது 2 சதவீதம் வரி பிடிப்பார்கள், மிக மலிவான பொருளுக்கு இல்லை.

இந்த விளையாட்டு உங்கள் லேப்டாப்புக்கும் மலைக்கும் ஏற்றதுதான். முதல் ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. நீங்கள் ஆடுவது 2007ஆம் ஆண்டுப் பிரதியை எடுத்து 2013 பிப்ரவரியில் மறுபடி திறந்தது. 2007இல் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடினேன். அன்றைய கம்ப்யூட்டரில் ஓடியது இன்று எதிலும் ஓடும். விளையாட்டு 0.6 விநாடிக்கு ஒரு துடிப்பாக நகர்கிறது. நீங்கள் எப்போது தட்டினாலும் அடுத்த துடிப்பில்தான் நடக்கும். துப்பாக்கி விளையாட்டில் உயிர் போகும் தாமதம் இதில் பெரும்பாலும் தெரியாது. சர்வர் பட்டியலில் தூரம் குறைவாகக் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே எச்சரிக்கை, மூடுபனி நாளில் டவர் போய்ப் போய் வரும்போது சண்டைக்குப் போகாதீர்கள். இணைப்பு அறுந்தாலும் உங்கள் ஆள் சண்டை நடுவில் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பான், அடி விழுந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்துக்கு மீனும் மரம்வெட்டும் இருக்கின்றன. 2018 அக்டோபரிலிருந்து போனிலும் அதே அக்கவுண்ட் ஓடுகிறது.

பணம் கட்டுவது பற்றி. இப்போது வேண்டாம். இலவசத்தில் 15 திறன் இருக்கிறது, டிராகன் வரை போகலாம். டிராகனைக் கொன்ற பிறகும் ஆசை இருந்தால் கட்டுங்கள். பாண்ட் என்ற ஒன்றை விளையாட்டுக் காசுக்கே சந்தையில் வாங்கி 14 நாள் உறுப்பினராகலாம். ஆனால் புதிதாக வந்தவர் அதற்காக ராப்பகலாக உழைத்தால் விளையாட்டு கூலி வேலையாகிவிடும். உறுப்பினரானதும் முதல் வேலையாக அருவி குவெஸ்ட்டைச் செய்யுங்கள். அட்டாக்கும் ஸ்ட்ரெங்த்தும் தலா 13,750 எக்ஸ்பி. இரண்டும் 1இல் இருந்தாலும் 30க்குப் போய்விடும், லெவல் தகுதி எதுவும் கேட்காது. புதிய விஷயங்களைச் சேர்ப்பதற்கு உறுப்பினர்களிடம் ஓட்டு எடுப்பார்கள். 70 சதவீதம் பேர் சம்மதித்தால்தான் வரும். இவ்வளவு வருஷம் இது உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

யாராவது 99 லெவல் அங்கி போட்டுக்கொண்டு போனால் ஏக்கம் வரும். 99க்கு 1,30,34,431 எக்ஸ்பி வேண்டும். 92இல்தான் அதில் பாதி வரும். ஏற்காட்டு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவில் பதினெட்டைத் தாண்டிய பிறகும் பாதி தூரம்தான் வந்திருக்கிறோம் என்றால் எப்படி இருக்கும்? அதனால் அதை இப்போது நினைக்கவே வேண்டாம். இதில் யாரும் யாரையும் முந்துவதில்லை. ஆறு மாதம் பரீட்சைக்காக விட்டுவிட்டு வந்தாலும் உங்கள் ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான், பையில் வைத்த மீன் பையிலேயே இருக்கும்.

தங்கச்சி விஷயம். ஒரே அக்கவுண்டை இரண்டு பேர் வைத்துக்கொள்வது விதிப்படி கூடாது. இலவசம்தானே, அவளுக்குத் தனியாக ஒன்று திறந்துகொடுங்கள். பாஸ்வேர்ட் அவளுடையதாகவே இருக்கட்டும், உங்களிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் லேப்டாப்பில், அவள் போனில், ஒரே உலக எண்ணை, அதாவது ஒரே சர்வரைத் தேர்ந்தெடுத்து இரண்டு பேரும் லம்பிரிட்ஜ் கோட்டை வாசலில் சந்தியுங்கள். நட்புப் பட்டியலில் ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொண்டு, தெரியாதவர் பேச்சைக் காட்டாமல் வைக்கும் வசதியை அவள் போனில் போட்டுவிடுங்கள். சமையல்காரர் குவெஸ்ட்டை நீங்கள் ஏற்கெனவே முடித்திருந்தாலும் அவளோடு ஆலைக்கு நடந்து போங்கள். கைப்பிடியை அவளே இழுக்கட்டும். அவள் பானையோடு கீழே இறங்கும்வரை நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள்.